வீடா, ஹாஸ்பிஸா? இரவு வலியை வைத்து முடிவெடுங்கள்

குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிவிட்ட புற்றுநோயாளியைக் கடைசி மாதங்களில் எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது? சென்னையில் மூன்று வழிகள் உண்டு: பெரிய மருத்துவமனை, வலியையும் அவதியையும் குறைக்க வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்புக் குழு, கடைசிக்காலப் பராமரிப்புக்கான இல்லமான ஹாஸ்பிஸ். என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது, சில காலம் பெரம்பூர் வீட்டில் வைத்திருந்தோம். பிறகு ஹாஸ்பிஸில் சேர்த்தோம். என் சாய்வு ஹாஸ்பிஸ் பக்கம்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மீண்டு வரக்கூடிய நெருக்கடிக்கு அது தேவை. உடலெங்கும் பரவிவிட்ட நோய்க்கு அங்கே கிடைப்பது குழாய்களும், பார்வையாளர் நேரமும், நாளுக்கு நாள் ஏறும் பில்லும்தான்.

வீடு என்பது உண்மையிலேயே நல்ல வழி. பழகிய கட்டில், பேரப்பிள்ளைகளின் சத்தம், வாய்க்குப் பிடித்த ரசம். தியாகராய நகரில் உள்ள ஆர்.எம்.டி. அறக்கட்டளை போன்ற அமைப்புகள் வீட்டுக்கே வந்து பார்க்கின்றன. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுவழி நோய்த்தணிப்புச் சேவை இருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, படுத்திருப்பவரைப் புரட்டிவிடுவது, அபின் வகை வலிமருந்தான மார்ஃபினோடு மலமிளக்கி மருந்தையும் தவறாமல் கொடுப்பது என எல்லாவற்றையும் எங்களுக்கு வந்த நர்ஸ்தான் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். இடையூறுகளும் உண்டு. ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட், வாடகை வீட்டில் சாவு நேர்ந்துவிடக் கூடாது என்று ஜாடையாகப் பேசும் வீட்டுக்காரர். இவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது இரவு. எலும்பில் பரவிய புற்றுநோயின் வலி, லேசாகப் புரண்டு படுத்தாலே உயிரைப் பிடுங்கும். அதற்கான மார்ஃபின் மாத்திரையை வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி தலைதூக்கும் முன்பே கொடுக்க வேண்டும். இடையில் வலி மீறினால் கூடுதலாக ஒரு வேளை மருந்து. அந்தக் கூடுதல் மருந்தில்தான் வீட்டார் கை தடுமாறும். மருத்துவர் அளவைத் தெளிவாக எழுதிக்கொடுத்திருந்தார். இருந்தும் நள்ளிரவு இரண்டு மணிக்கு அத்தை முனகும்போது, “இன்னொன்று கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ?” என்று என் கணவர் கேட்பார். நாத்தனார் தொலைபேசியில், “விடியட்டும், அண்ணி” என்பார். விடியும் வரை அனுபவிப்பது படுத்திருப்பவர். வரும் குழுவினர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் பெரும்பாலும் பகலில்தான் வருவார்கள். இரவில் தொலைபேசிக் குரல்தான் துணை.

மருந்து தீர்ந்துபோனால் இன்னும் மோசம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபினை வாங்கி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2014-இல் வந்த திருத்தத்தால், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பல உரிமங்களுக்கு அலையாமல் அதை வைத்திருக்க முடிகிறது. ஆனாலும் தெருமுனை மருந்துக்கடையில் போய்க் கேட்டு வாங்கிவிட முடியாது.

ஹாஸ்பிஸில் இந்தத் தயக்கம் இல்லை. நர்ஸ் விழித்திருக்கிறார், மருந்து அலமாரியில் இருக்கிறது. கேட்டதும் கொடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். இரவில் எத்தனை முறை கூடுதல் மருந்து தேவைப்பட்டது என்பதைப் பார்த்து, காலையில் மருத்துவர் அடிப்படை அளவை மாற்றுகிறார். விழுங்க முடியாத நிலை வந்தால் தோலுக்கடியில் ஊசி. அத்தை அங்கே போன பிறகுதான் இரவில் சேர்ந்தாற்போல் தூங்கினார். மாத்திரைக் கணக்கு என் கையை விட்டுப் போனதால், பகலில் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே அவருடைய கல்யாணக் கதையைக் கேட்க எனக்கு நேரம் கிடைத்தது.

“கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள்” என்று பேசிய உறவினர்கள் உண்டு. அவர்களில் யாரும் எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, மணலி அருகே மாத்தூரில் உள்ள ஜீவோதயா, புற்றுநோயாளிகளை இலவசமாகவே பார்த்துக்கொள்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு மாத்தூர் பக்கம். தாம்பரத்தில் இருப்பவர்கள் தினமும் போய்வருவது கடினம். அந்தத் தூரத்துக்கு வீட்டுச் சேவையே மேலாக இருக்கலாம். வலி கட்டுக்குள் இருந்து, இரவில் மாறிமாறி விழித்திருக்க இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் அதையேதான் சொல்வேன். சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் போன்றவற்றில் எங்களுக்கு அனுபவம் இல்லை. அங்கே கணக்கு வேறாக இருக்கக்கூடும். சில ஹாஸ்பிஸ்கள் புற்றுநோயாளிகளை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன.

நோயாளி தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, எங்கே இருக்க விரும்புகிறார் என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். பிறகு ஹாஸ்பிஸுக்குத் தொலைபேசியில் பேசும்போது, இரவில் நர்ஸ் இருக்கிறாரா, மார்ஃபின் எப்போதும் கையிருப்பில் உண்டா, குடும்பத்தில் ஒருவர் உடன் தங்கலாமா என்று விசாரியுங்கள். பயாப்ஸி அறிக்கை, கடைசி ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்கள் கையில் இருந்தால் சேர்க்கும் வேலை சுலபமாகும்.