ஆன்சிபிள் சோதனைக்கூடம்: வேக்ரண்டும் விர்ச்சுவல்பாக்ஸும் தேறுமா?

ஆன்சிபிள் என்பது சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி. செய்யவேண்டிய டாஸ்க்குகளைப் பட்டியலிடும் அதன் கோப்புதான் பிளேபுக். ஃபயர்வால் போடும், டிஸ்க்கைப் பிரிக்கும், சர்வரை ரீபூட் செய்யும் பிளேபுக்கை டாக்கர் கண்டெய்னரில் சோதித்துப் பயனில்லை. கண்டெய்னருக்கென்று தனி கெர்னல் கிடையாது, சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியும் வழக்கமாக ஓடாது. முழு மெய்நிகர் இயந்திரமே (விர்ச்சுவல் மெஷின்) வேண்டும். அதற்கு, ஒரு கோப்பில் எழுதியபடி இயந்திரங்களை உருவாக்கும் வேக்ரண்டும், அவற்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் இன்றும் நல்ல ஜோடிதான். தொல்லை எல்லாம் நெட்வொர்க்கில்.

8 ஜிபி லேப்டாப்பில் தலா 1 ஜிபி கொடுத்து மூன்று இயந்திரங்களை ஓட்டலாம். ஒரே மூல டிஸ்க்கைப் பகிரும் லிங்க்டு குளோனை இயக்கினால் டிஸ்க் இடம் பெருமளவு மிச்சம். உபுண்டு 24.04க்கு அதன் நிறுவனமான கனானிக்கல் வேக்ரண்ட் பாக்ஸ் (தயார்நிலை இயந்திரப் படிவம்) வெளியிடுவதில்லை. பென்டோ திட்டத்தின் பாக்ஸை எடுங்கள்.

முதல் நெட்வொர்க் கார்டு எப்போதும் நேட் (லேப்டாப் வழியாக வெளியே போகும் இணைப்பு). அதில் எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே ஐபிதான்: 10.0.2.15. ஆன்சிபிள் திரட்டும் டீஃபால்ட் ஐபியை கான்ஃபிக் கோப்புக்கான டெம்ப்ளேட்டில் போட்டால், டேட்டாபேஸைத் தேடிப்போகும் வெப் சர்வர் தன் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியோ வேறு எதையோ சொல்லும். பிரைவேட் நெட்வொர்க்கில் நிலையான ஐபி கொடுத்து, இரண்டாவது கார்டின் முகவரியைப் பயன்படுத்துங்கள். லினக்ஸ், மேக்கில் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 பதிப்பிலிருந்து 192.168.56.0 முதல் 192.168.63.255 வரைதான் இயல்பாக அனுமதி. வேறு வரம்பு வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் கான்ஃபிக் கோப்பில் எழுத வேண்டும்.

அடுத்த சிக்கல் வரிசை. விர்ச்சுவல்பாக்ஸில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழும். ஒவ்வொன்றும் எழுந்ததும் பிளேபுக் ஓடும். இன்னும் எழாத இயந்திரத்தின் ஐபியைக் கேட்கும் டாஸ்க் அங்கே விழுந்துவிடும். பிளேபுக்கை ஓட்டும் ப்ரொவிஷனரைக் கடைசி இயந்திரத்தில் மட்டும் வைத்து, எந்தெந்த இயந்திரங்களில் ஓட வேண்டும் என்று சொல்லும் லிமிட்டை 'ஆல்' என்று மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் எழுந்தபின் ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவையுங்கள். பிளேபுக்கை இருமுறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை 'சேஞ்ச்டு' (மாற்றப்பட்டவை) எண்ணிக்கை பூஜ்யம் வரவில்லையென்றால், மாற்றம் காட்டும் டாஸ்க்கில் கோளாறு. பிறகு பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். கண்டெய்னரைவிட மெதுவென்ற குறையை இந்த வசதி ஓரளவு ஈடுகட்டுகிறது.

விண்டோஸில் ஆன்சிபிள் நேரடியாக ஓடாது. 'ஆன்சிபிள் லோக்கல்' ப்ரொவிஷனர் ஆன்சிபிளை இயந்திரத்துக்குள்ளேயே நிறுவி ஓட்டும். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்வி இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் வேகம் குறையும், ஜன்னலின் கீழே ஆமைப் படம் தெரியும். லினக்ஸ் கெர்னல் 6.12 முதல், கெர்னலின் சொந்த மெய்நிகராக்க மாட்யூலான கேவிஎம் முந்திக்கொண்டு வன்பொருளின் மெய்நிகராக்க வசதியைப் பிடிப்பதால் இயந்திரமே எழாமல் போகலாம். கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டு முயலுங்கள். லினக்ஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸை விட்டு, கேவிஎம்மைப் பயன்படுத்தும் வேக்ரண்டின் லிப்வர்ட் பிளக்இன்னுக்குப் போவதே மேல்.