ஸ்பியன் கோப் பதுங்குகுழிப் பாதை: பிள்ளைகளோடு போகலாமா?

டர்பனிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய போர்க்களங்களில், குடும்பத்தோடு நடக்கத் தோதானவை இரண்டு: லேடிஸ்மித் ஊருக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் வேகன் ஹில் மேடும், துகேலா ஆற்றுக்கு வடக்கே நிற்கும் ஸ்பியன் கோப் குன்றும். பலரும் ஸ்பியன் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு, "புல்லும் கல்லறையும்தானே இருக்கிறது" என்று திரும்பிவிடுகிறார்கள். வேகன் ஹில்லை முதலில் பார்த்துவிட்டுப் போனால் அப்படித் தோன்றாது. ஒரு காப்பரண் எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கே தெரியும். தவறான இடத்தில் தோண்டினால் என்ன ஆகும் என்பது இங்கே தெரியும்.

பின்னணி கொஞ்சம் போதும். 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை, 118 நாள், போயர் படைகள் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினர், பிரிட்டனோடு போரில் இருந்தவர்கள்) லேடிஸ்மித்தை முற்றுகையிட்டிருந்தன. உள்ளே மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் படையின் தெற்குக் காவல் அரண்தான் வேகன் ஹில். முற்றுகையை உடைக்க வெளியிலிருந்து பிரிட்டிஷ் ஜெனரல் புல்லர் செய்த முயற்சிகளில் ஒன்று ஸ்பியன் கோப்.

வேகன் ஹில்லில் பார்க்க வேண்டியவை நினைவுத்தூண்கள் அல்ல, அவற்றுக்கு நடுவே புல்லுக்குள் கிடக்கும் கல்லடுக்குகள். சாந்து இல்லாமல், கைக்குக் கிடைத்த கற்களை அடுக்கி எழுப்பிய தாழ்வான அரைவட்டச் சுவர்கள் இவை. 'சாங்கர்' என்பார்கள். பாறை மேட்டில் குழி தோண்ட முடியாது என்பதால் தரைக்கு மேலே மறைவு கட்டியிருக்கிறார்கள். பிள்ளையை ஒரு சுவருக்குப் பின்னால் குந்தவைத்து, எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கேளுங்கள். சரிவின் விளிம்பை ஒட்டிக் கட்டியிருப்பதால் கீழே ஏறி வருபவன் கண்ணில் படுவான். 1900 ஜனவரி 6 அன்று விடிவதற்கு முன்பே போயர் வீரர்கள் இந்த மேட்டில் ஏறிவிட்டார்கள். சண்டை நாள் முழுக்க நடந்தது. மாலையில் இடியும் மழையுமாகக் கொட்டும்போது பிரிட்டிஷ் டெவன்ஷயர் ரெஜிமென்ட் பயோனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) பாய்ந்த பிறகுதான் முடிந்தது. மேடு கைமாறவில்லை. முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். கற்களை நகர்த்தவோ அடுக்கவோ விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வரும் ஆசை அதுதான்.

அங்கிருந்து ஸ்பியன் கோப்புக்கு R616 சாலையில் பெர்க்வில் திசையில் போக வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். மேப்பில் வெறுமனே 'ஸ்பியன்கோப்' என்று தட்டினால் அணைக்கட்டும் வனவிலங்குக் காப்பகமும் இருக்கும் தெற்குப் பக்கத்துக்கு, R600 சாலைக்கு, கொண்டுபோய் விட்டுவிடலாம். அங்கே குன்று தலைக்கு மேலே தெரியும், ஏறத்தான் வழியிருக்காது. 'போர்க்களம்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். கடைசிப் பகுதி செங்குத்தான சரளைப் பாதை. காய்ந்திருந்தால் சாதாரண கார் முதல் கியரில் ஏறிவிடும். மழை பெய்து ஈரமாக இருந்தால் பக்கி (பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். நுழைவுக் கட்டணத்துக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

கார் உச்சிக்குப் பக்கத்திலேயே போய்விடுவதால் மலையேற்றம் என்று எதுவும் இல்லை. உச்சி கிட்டத்தட்டத் தட்டையானது. நிதானமாகச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் தள்ளுவண்டி உருளாது. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் தாமாக நடப்பார்கள். முழங்கால் வலி உள்ள பாட்டி தாத்தாவும் பாதித் தூரம் வரலாம்.

காரை நிறுத்தியதும் எல்லோரும் நேரே பதுங்குகுழிக்குப் போகிறார்கள். நாங்கள் சொல்வது வேறு. முதலில் வடக்கு விளிம்புக்குப் போங்கள், அதுதான் உண்மையான முகடு. அதில் நின்றால் சரிவு முழுவதும் காலடியில் விரியும். அப்படியே திரும்பித் தெற்கே நடந்து குழியை அடைந்து, அதே வடக்கைப் பாருங்கள். சரிவு மறைந்துபோகும். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம் புல்வெளி மட்டுமே. ஜனவரி 23 இரவு, இருட்டிலும் மூடுபனியிலும் ஏறிய பிரிட்டிஷ் படை இதுதான் முகடு என்று நம்பி இந்த இடத்தில் தோண்டியது. படையிடம் மண்வெட்டியும் கடப்பாரையும் சொற்பம். மணல் மூட்டைகள் கீழேயே தங்கிவிட்டன. கொஞ்சம் தோண்டியதுமே பாறை தட்டியது. குழி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் ஆழத்தோடு நின்றுபோனது. ஒரு முழத்துக்கும் குறைவு. குந்தினாலே தலையும் தோளும் வெளியே தெரியும்.

இப்போது குழியின் வலது முனைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். கற்றாழைகள் நிற்கும் ஒரு சின்னத் திட்டு தெரியும், பெயர் அலோ நோல். பனி விலகியதும் போயர்கள் அங்கிருந்து சுட்டது குழிக்கு எதிரிலிருந்து அல்ல, குழியின் நீளவாக்கில். முன்பக்கத்தை மட்டும் மறைக்கும் சுவரால் பக்கவாட்டுத் தோட்டாவைத் தடுக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கும் இது நின்ற இடத்திலேயே புரிந்துவிடும். எத்தனை பக்கம் படித்தாலும் இந்தத் தெளிவு வராது. இந்தப் பாதையின் முழு மதிப்பும் இந்த ஐம்பது தப்படிக்குள் இருக்கிறது.

சுமார் 240 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். பலரை அந்தக் குழியிலேயே புதைத்தார்கள். வெள்ளையடித்த கற்கள் வரிசையாக அணைகட்டி நிற்பது அந்தக் கல்லறைதான். பார்க்க நடைபாதைச் சுவர் போலவே இருக்கும், பிள்ளைகள் மேலே ஏறி நடந்துவிடுவார்கள். காரை விட்டு இறங்கும் முன்பே சொல்லிவையுங்கள். போயர்களின் நினைவுச்சின்னமும் அதே உச்சியில் உண்டு. அந்தப் பக்கம் போகாமல் திரும்பாதீர்கள்.

நம்மவர்களுக்கு இந்தக் குன்றில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் இந்திய ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. காந்தி முன்னின்று திரட்டிய அந்தப் படையில் ஏறக்குறைய 1,100 பேர், அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால், ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்தவர்களில் தமிழர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை சுமந்து நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். தெற்கு விளிம்பில் நின்று துகேலாவை நோக்கி இறங்கும் சரிவைக் காட்டி இதைச் சொல்லுங்கள். படுத்துக்கிடக்கும் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாறைகளில் கால் வைப்பது எப்படி இருந்திருக்கும் என்று சரிவே காட்டிவிடும்.

குறைகளும் உண்டு. நிழல் இல்லை, ஒரு மரம்கூட ஒதுங்கக் கிடைக்காது. குடிநீரை நம்பிப் போகாதீர்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துச் செல்லுங்கள் (1900இல் மேலே இருந்தவர்களையும் தாகம்தான் வாட்டியது). கழிப்பறை வேலையை லேடிஸ்மித்திலேயே முடித்துக்கொள்வது உத்தமம். எழுத்துப் பலகைகள் முதல் தடவை வருபவருக்கு விளக்கும்படி இல்லை. யாராவது ஒருவர் முதல் நாள் இரவே வரைபடத்தைப் பார்த்துவைத்தால் மற்றவர்களுக்குச் சொல்லலாம்.

மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், ஜூன் ஜூலையில் கற்றாழை சிவப்பாகப் பூக்கும். ஆனால் காற்று எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்றுப் புகாத ஜாக்கெட் வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மதியத்துக்கு மேல் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் பக்கமிருந்து இடி மின்னல் கிளம்பிவிடும். மொட்டைக் குன்றில் நிற்பதில் உயரமான பொருள் நீங்கள்தான். அந்த மாதங்களில் மட்டும் நாங்கள் சொன்ன வரிசையை மாற்றி, ஸ்பியன் கோப்பைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். புல் உயரமாக இருக்கும்போது முழுக்கால் சட்டையும் மூடிய ஷூவும் போடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உண்டு, பஃப் ஆடர் பாம்பும் உண்டு. தரையில் பழைய தோட்டாக் கூடு கிடைத்தால் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 1999ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டப்படி அதை எடுத்துப்போவது குற்றம்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறுதான் சரி. புளிச்சோறும் உருளைக்கிழங்கும் ஆறினாலும் ருசிக்கும். கல்லறைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடாமல் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுங்கள். நேரம் மிஞ்சினால் லேடிஸ்மித் டவுன் ஹாலுக்குப் பக்கத்திலுள்ள முற்றுகை அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம், வார இறுதியில் போவதாக இருந்தால் திறந்திருக்குமா என்று முன்பே போன் செய்து கேளுங்கள். திரும்பும்போது மூயி ரிவர் பக்கம் இருட்டிய பிறகு பனிமூட்டமும் லாரிகளும் சேர்ந்துகொள்ளும். மாலை நான்கு மணிக்குள் N3 நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள். மூயி ரிவரிலும் மரியன்ஹில்லிலும் டோல் கட்ட வேண்டியிருக்கும்.