என்எஸ்ஜிபி மானியம்: அமெரிக்கக் கோயில் கமிட்டிகளுக்காக ஒரு விமர்சனம்

கோயில் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசு பணம் தருகிறதாமே, போட்டுப் பார்க்கலாமா என்று கமிட்டி வாட்ஸப் குழுக்களில் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் கோயிலுக்கு விண்ணப்பம் எழுதியதிலும், அப்புறம் வந்த கணக்கு வேலையிலும் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: தாராளமாகப் போடலாம். ஆனால் விண்ணப்பம் எழுத ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதற்காக மட்டும் போடாதீர்கள். பணம் வந்த பிறகு காகிதத்தைக் கட்டிக்காக்க ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

நான்ப்ராஃபிட் செக்யூரிட்டி கிராண்ட் புரோகிராம் என்பது முழுப்பெயர். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா தரும் ஆயத்தநிலை மானியங்களில் இதுவும் ஒன்று. 501(சி)(3) அமைப்புகளுக்கானது, அதாவது வரிவிலக்கு உள்ள லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு. 2024 நிதியாண்டில் ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 2,00,000 டாலர் வரை கேட்க முடிந்தது, நம் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. நேராக ஃபெமாவுக்கு அனுப்ப முடியாது, உங்கள் மாநிலத்தில் இதைக் கவனிக்கும் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும், அவர்களுடைய கடைசித் தேதி ஃபெமா தேதிக்கு முன்பே முடிந்துவிடும். தொகையும் நிபந்தனையும் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் பழைய பிடிஎஃப்பை நம்பாமல் அந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது ரிஸ்க் அசெஸ்மென்ட், அதாவது ஆபத்து மதிப்பீடு. ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக ஒன்று கட்டாயம் வேண்டும். இணைய, கட்டமைப்புப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான சீசாவின் பாதுகாப்பு ஆலோசகர்கள் நேரில் வந்து இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள், வழிபாட்டுத் தலங்கள் தாங்களே செய்துகொள்ளும் சுயமதிப்பீட்டுப் படிவமும் அவர்களிடம் இருக்கிறது. கேள்வி மூன்றுதான்: என்ன ஆபத்து, எங்கே பலவீனம், நடந்தால் என்ன இழப்பு. எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், கோயிலை நாம் இந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை என்று. அன்னதானம் நடக்கும்போது சமையலறைப் பக்கக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. சிவராத்திரி இரவில் பார்க்கிங்கின் பின்மூலையில் வெளிச்சமே இல்லை. ஞாயிறு காலை குழந்தைகள் வகுப்பு நடக்கும் அறைக்கு ஒரே வாசல். மானியம் கிடைக்காமல் போனாலும் இந்தப் பட்டியல் கோயிலுக்கு மிச்சம், இதில் பாதியைச் செலவே இல்லாமல் சரிசெய்யலாம்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2023 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் நியூவார்க்கிலும், 2024 செப்டம்பரில் நியூயார்க்கின் மெல்வில்லிலும் கோயில்களில் வெறுப்பு வாசகம் கிறுக்கியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது பின்னணிக்கு உதவும், அவ்வளவுதான். உங்கள் வாசலில் என்ன நடந்தது, போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா, மிரட்டல் மின்னஞ்சல் வந்ததா என்பதுதான் எடுபடும். அதேபோல, கேட்கும் ஒவ்வொரு பொருளும் அசெஸ்மென்டில் சொன்ன ஒரு பலவீனத்தோடு பொருந்த வேண்டும். வேலியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாமல் பட்ஜெட்டில் வேலி கேட்டால் அது நிற்காது.

சரி, இனி கஷ்டமான பகுதி. இது நாம் செலவழித்ததை அரசு பிறகு திருப்பித் தரும் மானியம். முதலில் கோயில் பணத்தைச் செலவு செய்துவிட்டு, ரசீதும் காசோலை நகலும் கொடுத்து, பிறகு காத்திருந்து வாங்க வேண்டும். உண்டியலை நம்பி மாத வாடகை கட்டும் சின்னக் கோயிலால் ஒரு லட்சம் டாலரை முன்பணமாக எப்படிப் புரட்ட முடியும்? பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவதே அவர்களுக்குத்தான். திட்டத்தின் பெரிய குறை இது என்று நினைக்கிறேன். முன்பணம் தர ஏதாவது ஒரு வழி வைத்தே ஆக வேண்டும்.

அடுத்து, சுற்றுச்சூழல் மற்றும் பழைய கட்டடங்கள் தொடர்பான ஈஎச்பி பரிசீலனை. அது முடிவதற்குள் பள்ளம் தோண்டினாலோ சுவரைத் துளைத்தாலோ அந்தச் செலவு கிடைக்காமல் போகலாம். கட்டடம் 45 வருடத்துக்கு மேல் பழையதா என்று கேட்பார்கள், பழைய தேவாலயத்தை வாங்கிக் கோயிலாக்கியவர்கள் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேமரா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஹிக்விஷன், டாஹுவா போன்ற சீன நிறுவனங்களின் கண்காணிப்புக் கருவிகளுக்கு அரசு மானியப் பணத்தைச் செலவிடக் கூடாது என்ற தடை 2020 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷனிலேயே தடைப்பட்டியலில் உள்ள ஒரு கேமராதான் இருந்தது, விற்பனையாளர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. நல்லவேளை, பொருளாளர் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தார்.

ரிப்போர்ட் எழுதுவது மூளையைக் கசக்கும் வேலை இல்லை, விடாமல் செய்ய வேண்டிய வேலை. என்ன வாங்கினோம், எத்தனை கொட்டேஷன் பார்த்தோம், ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று மாநிலம் கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும். கடைசிக் கணக்கை ஒப்படைத்த பிறகும் குறைந்தது 3 ஆண்டுகள் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். கமிட்டி தேர்தலில் ஆள் மாறினால், பழைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் பாதிக் காகிதம் மாட்டிக்கொள்ளும். கோயில் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல் தொடங்கி எல்லாவற்றையும் அங்கேயே போடுங்கள்.

அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது யூஇஐ எண், அதாவது அமைப்புகளுக்கு அரசு தரும் அடையாள எண், வாங்குவது. சாம்.கவ் என்ற அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். காசு கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் அரசாங்கம் இல்லை.