மேற்குச் சுவரில் செடி வளர்த்த ஏழு வருடம்

மேற்கு பார்த்த அறையில் படுப்பவர்களுக்குச் சென்னைக் கோடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரவு பத்து மணி வரை அனலை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் 2018 தொடக்கத்தில் வெளிச்சுவரில் செங்குத்துத் தோட்டம் போட்டோம். 120 சதுர அடி. இரும்புச் சட்டம், 320 பிளாஸ்டிக் தொட்டி, தேங்காய் நார்த்தூள், சொட்டுநீர்க் குழாய், டைமரோடு அரை ஹெச்.பி. மோட்டார்.

சூடு நிஜமாகவே குறைந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு உள்பக்கம் கை வைத்தாலே தெரியும். இலை வெயிலை மறிக்கிறது, இலைவழி ஆவியாகும் நீரும் சூட்டை எடுத்துப் போகிறது. இந்த விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை.

மோட்டார் தினம் 20 நிமிடம் ஓடினாலும் வருடத்துக்கு 45, 50 யூனிட்தான். தண்ணீர்தான் கணக்கைக் கெடுத்தது. கோடையில் நாளுக்கு 60 லிட்டர், அதாவது நாலு குடம். 2019-இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம் லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்து சுவருக்கு நாலு குடம் விட எனக்கு மனசு வரவில்லை. ஆர்.ஓ. கழிவுநீரைத் திருப்பிவிட்டேன். சில வாரங்களில் இலை நுனிகள் கருகின, உப்பு படிந்து, குழாயில் நீர் சொட்டும் முனைகள் அடைத்துக்கொண்டன. தரையாக இருந்தால் அடுத்த மழையில் உப்பு கொஞ்சமாவது கீழே இறங்கும். கையளவு நார்த்தூளில் அது எங்கே போகும்?

பிழைத்த செடிகளோடு 2022 வரை ஓட்டினோம். வருடத்துக்கு 60, 70 செடி மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றோடும் ஒரு கறுப்புப் பாலித்தீன் பை வரும். நாலாவது வருடம் வெயில் பட்டுப் பட்டுத் தொட்டிகள் அப்பளமாக நொறுங்க ஆரம்பித்தன. பழைய பிளாஸ்டிக் எடுப்பவரும் வேண்டாமென்று போய்விட்டார். சட்டத்தின் போல்ட் இறங்கிய இடங்களில் ஓதம் வேறு.

அப்போதுதான் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் பசுமைச் சுவர்களைப் பற்றி வெளியிட்ட வாழ்நாள் கணக்கீட்டைப் படித்தேன். அதாவது, சுவரில் பயன்படும் பொருட்களைத் தயாரிப்பது முதல் கடைசியில் கழிப்பது வரை சுற்றுச்சூழலுக்கு ஆகும் பாதிப்பின் கணக்கு. மண்ணில் நட்டு நேரே சுவரில் ஏறும் கொடிக்குத்தான் சுற்றுச்சூழல் சுமை மிகக் குறைவு. துருப்பிடிக்காத எஃகு வலை கட்டிவிட்டால் கொடிக்கும் சுமை ஏறிவிடுகிறது. பல அடுக்குத் துணியில் செடி வைக்கும் முறை, துணியையே அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால், இன்னும் மோசம். என் சுவரில் நான் கண்டதும் இதேதான்: செடியால் வந்த செலவைவிட அதைத் தாங்கிப் பிடித்தவற்றால் வந்த செலவே பெரிது.

இரும்புச் சட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுவரடியில் சிமென்ட் தளத்தை இரண்டடி உடைத்து, இரங்கூன் மல்லிக் கொடி இரண்டு நட்டோம். பழைய சட்டத்திலேயே கயிறு கட்டி ஏற்றினோம். சுவர் முழுக்க மூட இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு கோடையும் அறை கொதித்தது, அதை மறைக்க மாட்டேன். இப்போது வாரம் இரண்டு முறை, துணி அலசிய கடைசித் தண்ணீர் போதும். மோட்டாரை விற்றுவிட்டோம். வருடம் ஒருமுறை, மழைக்கு முன் ஆள் வைத்துக் கவாத்து செய்கிறோம், வெட்டியது உரக்குழிக்குப் போகிறது.

அடுக்குமாடியில் மண் இல்லாதவர்கள் சுவரெங்கும் சின்னத் தொட்டி மாட்டாதீர்கள். அடியில் ஒரு பெரிய சிமென்ட் தொட்டி வைத்து அதிலிருந்து கொடி ஏற்றிப் பாருங்கள். என் தங்கை மொட்டைமாடியில் அப்படித்தான் வைத்திருக்கிறாள், இது மூன்றாவது வருடம்.