ஓஎஸ்டிக்கெட்: சில ஆண்டுகள் புழங்கிப் பார்த்ததில்

கல்லூரி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வைஃபை வரவில்லை, பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போனிலும் வாட்ஸ்அப்பிலும் சிதறி வந்த புகார்களை ஓரிடத்தில் சேர்க்கத்தான், ஒவ்வொரு புகாரையும் டிக்கெட்டாகப் பதியும் ஓஎஸ்டிக்கெட் என்ற மென்பொருளை நிறுவினோம். பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் உள்ள சாதாரண சர்வரே போதும். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் என்பதால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் இல்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் எதை எங்கே மாற்றுகிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த பிரவுசர் தொல்லைகளில் பெரும்பாலானவை மேலே நாங்கள் சேர்த்தவற்றால் வந்தவை.

அட்மின் பேனலிலேயே எவ்வளவோ செய்யலாம். ஹெல்ப் டாபிக், அதாவது புகார் வகை, ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் வைத்தோம். பிரிண்டர் என்றால் அறை எண் கேட்கும். வைஃபை என்றால் எந்த பிளாக், போனா லேப்டாப்பா என்று கேட்கும். கேள்விகளைத் தமிழில் அடித்து வைத்ததும், அதுவரை பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அலுவலக ஊழியர்கள் தாங்களாகவே டிக்கெட் போட ஆரம்பித்தார்கள். இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இவையெல்லாம் டேட்டாபேஸில் இருப்பதால் அப்கிரேடில் அழியாது. தோற்றம் அப்படியில்லை. நிறம், எழுத்து போன்றவற்றைத் தீர்மானிக்கும் தீம் சிஎஸ்எஸ்ஸிலோ பக்கத்தின் தலைப்பகுதியான ஹெடர் கோப்பிலோ நேரடியாகக் கை வைத்தால், புதிய பதிப்பின் கோப்புகள் அதை அப்படியே அழித்துவிடும். அதனால் எங்கள் சிஎஸ்எஸ்ஸும் ஸ்கிரிப்டும் தனிக் கோப்புகள். ஹெடரில் அவற்றை அழைக்கும் வரிகள் மட்டும் எங்களுடையவை. அவற்றையும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git), மறுபடி ஒட்டிக்கொள்ளும் பேட்ச்சாக வைத்திருக்கிறோம்.

அந்த ஒழுங்கு ஐபோன் விஷயத்தில் கைகொடுத்தது. சில மாணவர்களுக்குப் படிவத்தில் எதைத் தொட்டாலும் அசைவில்லை. ஆண்ட்ராய்டிலும் லேப்டாப்பிலும் ஒரு குறையும் இல்லை. ஐபோனில் குரோம் போட்டுப் பார்த்தும் பலனில்லை. அங்கே குரோமுக்குள்ளும் இருப்பது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். போனை மேக்கில் கேபிளால் இணைத்து பக்கத்தின் பிழைகளைக் காட்டும் வெப் இன்ஸ்பெக்டரைத் திறந்தால், ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து அமைப்பைச் சரிபார்க்கும் குறியீடு) செல்லாது என்று ஒரு சிவப்பு வரி. பதிவு எண்ணைச் சரிபார்க்க வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த ஸ்கிரிப்டில், ஓர் எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் லுக்பிஹைண்ட் என்ற குறியீடு இருந்தது. குரோமில் அது 2017 முதல் உண்டு. சஃபாரிக்கு வந்ததோ 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான். பழைய சஃபாரி இதைத் தொடரியல் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் உள்ள மற்ற ஃபங்ஷன்களும் ஓடாது. தனிக் கோப்பு என்பதால் அதை மட்டும் கழற்றியதுமே படிவம் உயிர் பெற்றது. பிறகு லுக்பிஹைண்ட் இல்லாமல் எழுதிச் சேர்த்தோம்.

அடுத்தது ஐஃப்ரேம், அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம். கல்லூரி இணையதளத்துக்குள்ளேயே படிவம் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் விரும்பினார்கள். ஓஎஸ்டிக்கெட்டின் சிஸ்டம் செட்டிங்கில் அதற்கு அனுமதி தரலாம், பக்கமும் தெரியும். டிக்கெட்டை அனுப்பும்போதுதான், படிவம் நம் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனில் பிழை வரும். இரண்டும் வேறு வேறு டொமைன் என்றால் அந்தச் சரிபார்ப்புக்குத் தேவையான செஷன் குக்கி மூன்றாம் தரப்புக் குக்கியாகிவிடுகிறது. சஃபாரி 2020 மார்ச் முதல் அதை முழுவதுமாகத் தடுக்கிறது. குரோமும் அதே ஆண்டு, சேம்சைட் குறிப்பு இல்லாத குக்கிகளை லாக்ஸ் என்று, அதாவது வேறு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் அனுப்பக் கூடாதவை என்று, எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. ஹெல்ப் டெஸ்க்கைக் கல்லூரி டொமைனின் சப்டொமைனுக்கு மாற்றியதும் பிழை நின்றது. அது முடியாதவர்கள் ஐஃப்ரேமை விட்டுவிட்டு ஒரு லிங்க் கொடுத்தாலே போதும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்தது. அலுவலகக் கணினிகள் எட்ஜுக்கு மாறியதும் எக்ஸ்ப்ளோரருக்கென்று வைத்திருந்த சிஎஸ்எஸ் ஒட்டுகளை நீக்கினோம். இன்னொன்று: படிவக் கட்டங்களின் எழுத்து 16 பிக்ஸலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகப் பக்கத்தைப் பெரிதாக்கும். தமிழ் லேபிள்கள் நீளம் என்று எழுத்தைச் சுருக்க நினைப்பவர்கள் லேபிளைச் சுருக்கலாம்; கட்டத்தைத் தொட வேண்டாம்.