உரையாடலை எந்தத் தமிழில் எழுதுவது?

கதை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிடும். பாத்திரம் வாயைத் திறந்ததும் "வருகிறேன்" என்பதா, "வர்றேன்" என்பதா, "வாரேன்" என்பதா? வழி மூன்று இருக்கிறது. எல்லாமே எழுத்துத் தமிழ். விவரிப்பு எழுத்துத் தமிழிலும் பேச்சு மட்டும் பேச்சுத் தமிழிலும். அப்புறம், விவரிப்பு உட்பட எல்லாமே வட்டார வழக்கு. மூன்றிலும் எழுதிப் பார்த்து இரண்டில் நன்றாக அடி வாங்கியவன் நான்.

ஒரு காட்சி. ராத்திரி 11 மணி, மகன் வீட்டுக்கு வருகிறான், அம்மா கதவைத் திறக்கிறார்.

"ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறாய்? சோறு ஆறிவிட்டது."

"ஏன்டா இவ்ளோ லேட்டு? சோறு ஆறிப்போச்சு."

"ஏலே, இம்புட்டு நேரம் எங்கல போன? சோறு ஆறிட்டுல்லா."

முதல் அம்மா நோட்டீஸ் வாசிக்கிறார். இரண்டாமவர் எந்த ஊரிலும் இருக்கலாம். மூன்றாமவர் நெல்லைப் பக்கம் என்று சொல்லாமலே தெரிகிறது.

அதற்காக முதல் வழியைத் தூக்கி எறிந்துவிட முடியாது. 1879இல் வந்த முதல் தமிழ் நாவலில் எல்லோரும் ஏட்டுத் தமிழில்தான் பேசினார்கள், அன்றைக்கு உரைநடை என்றாலே அதுதான். இன்றும் அதற்கு இடம் உண்டு. சோழ அரசன் "வந்துட்டேன்பா" என்றால் வாசகர் சிரித்துவிடுவார். பாத்திரங்கள் இந்தியிலோ தெலுங்கிலோ பேசிக்கொள்வதாகக் கதை இருந்தால் அவர்கள் வாயில் மதுரைத் தமிழைத் திணிப்பதைவிட எளிய எழுத்துத் தமிழே பொருந்தும். ஆனால் இன்றைய வீட்டுக்குள், தெருவில், டீக்கடையில் நடக்கிற கதைக்கு இந்த வழி உதவாது, சண்டைக் காட்சி வந்தால் போச்சு.

மூன்றாவது வழிதான் ஆசை காட்டி இழுக்கும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் பேச்சிலேயே கதையை நடத்திக்கொண்டு போவதைப் படித்துவிட்டு நானும் அப்படி இறங்கினேன். அவர் அந்த மண்ணின் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்து அகராதியே தொகுத்தவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கதையில் "அம்மா வஞ்சா" என்று ஒரு வரி. எங்கள் தெற்குப் பக்கம் வைவது என்றால் திட்டுவது. சென்னை நண்பர் ஒருவர் படித்துவிட்டு, அம்மா எதையோ எடுத்து வைத்தாள் போல, "வச்சா" என்பதில் எழுத்துப் பிழை என்று நினைத்துக் கடந்துவிட்டார். கதையின் திருப்பமே அந்த வசவுதான்! அடிக்குறிப்பு போடலாமா என்று யோசித்தேன், அது சோற்றில் கல் மாதிரி இருக்கும். கடைசியில் அடுத்த வரியில் "அந்தக் கெட்ட வார்த்தய அம்மா வாயில அன்னைக்குத்தான் கேட்டேன்" என்று சேர்த்ததும் சரியாகிவிட்டது. வட்டாரச் சொல்லை விளக்கக் கூடாது, பக்கத்து வரியில் அதற்கு ஒரு சாட்சி வைத்தால் போதும். கதை சொல்கிறவரே அந்த ஊர்க்காரர், அவர் குரல்தான் கதை என்றால் இந்த வழியில் தைரியமாக இறங்கலாம். சும்மா மண்வாசனைக்காக என்றால் வேண்டாம்.

என் வோட்டு இரண்டாவது வழிக்கு. ஆனால் இதிலும் பள்ளம் இருக்கிறது, முதல் பள்ளம் எழுத்துக்கூட்டு. "வந்துவிட்டது" என்பதையே வந்துடுச்சு, வந்துருச்சு, வந்திருச்சு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எது சரி என்று தீர்ப்பு சொல்ல யாரும் இல்லை. ஒரே பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காதில் விழுகிறபடியே எல்லாவற்றையும் எழுதவும் கூடாது. "பாத்துட்ருக்கேன்" என்றுதான் பேசுகிறோம், ஆனால் அந்த எழுத்துக் கூட்டத்தில் கண் தடுக்கி விழுகிறது. நான் "பாத்துட்டு இருக்கேன்" என்று பிரித்துவிடுகிறேன்.

இன்னொன்று, ஊரைக் காட்ட வினைமுற்றை எல்லாம் முறுக்க வேண்டியதில்லை, கூப்பிடுகிற சொல் ஒன்றே போதும். அதே அம்மாவைக் கொங்குப் பக்கம் கொண்டுபோனால் "ஏஞ்சாமி இத்தன நேரம்?" என்பார். யாழ்ப்பாணம் என்றால் "ஏன் ராசா பிந்தி வாறாய்?" மீதி வரியைச் சாதாரணமாக விட்டாலும் ஊர் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ரொம்ப எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. வாட்ச்மேனும் வேலைக்கார அம்மாவும் மட்டும் கொச்சையாகப் பேச, கதாநாயகனும் கலெக்டரும் சுத்தத் தமிழில் பேசுகிற கதைகள். கலெக்டர் வீட்டில் மட்டும் "நான் உண்டுவிட்டேன்" என்றா சொல்கிறார்கள்? பேச்சுத் தமிழ் என்று முடிவெடுத்தால் எல்லோருக்கும் அதுதான். ஆளுக்கு ஆள் சொல் மாறலாம், மரியாதை மாறக் கூடாது.

கடைசிச் சிக்கல், மனசுக்குள் ஓடுகிற பேச்சு. "இந்த மனிதர் ஏன் பேச மறுக்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது" என்று எழுதினால் வாசகர் வாசலிலேயே நிற்கிறார். "அவளுக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனுசனுக்கு வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா?" என்று எழுதினால் அவள் தலைக்குள் போய்விடுகிறார். மேற்கோள் குறி இல்லை, 'என்று நினைத்தாள்' இல்லை. முதல் வாக்கியம் கதைசொல்லியுடையது, அடுத்தது அவளுடையது, நடுவில் ஒரு முற்றுப்புள்ளிதான். எல்லாமே எழுத்துத் தமிழாகவோ எல்லாமே பேச்சாகவோ இருந்தால் இந்தத் தாவல் இவ்வளவு துல்லியமாகக் கண்ணில் படாது. நான் இரண்டாவது வழியிலேயே தங்கிவிட்டதற்குப் பாதிக் காரணம் இதுதான்.