குழுவாரி ரன்னிங் டோட்டல்: துணை வினவலா, விண்டோ ஃபங்ஷனா?

கணக்கு எண், தேதி, தொகை ஆகியவற்றைக் கொண்ட ஒரு டேபிளில், ஒவ்வொரு கணக்குக்கும் அந்தந்தப் பதிவு வரையிலான ரன்னிங் டோட்டலை (தொடர் கூட்டுத்தொகையை) தனித்தனியே பெறுவதற்கு, டேட்டாபேஸ் வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) இரண்டு முக்கிய வழிகள் உள்ளன.

பழைய வழி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு துணை வினவலை (வினவலுக்குள் அமையும் இன்னொரு வினவலை) ஓடவிட்டு, அதே கணக்கில் அத்தேதி வரை உள்ள தொகைகளைக் கூட்டுவது. இது பெரும்பாலான டேட்டாபேஸ்களில் இயங்கும், படித்தவுடன் புரியவும் செய்யும். ஆனால் ஒரு கணக்கில் 1,000 பதிவுகள் இருந்தால், முதல் பதிவுக்கு ஒன்று, கடைசிப் பதிவுக்கு ஆயிரம் என மொத்தம் 5,00,500 முறை படிக்க நேரும்; பொருத்தமான இண்டெக்ஸ் (தேடலுக்கு உதவும் அட்டவணை) தேடலை விரைவாக்குமே தவிர, இந்த எண்ணிக்கையைக் குறைக்காது.

இரண்டாவது வழி விண்டோ ஃபங்ஷன், அதாவது பதிவுகளை ஒன்றாகச் சுருக்காமல், ஒவ்வொன்றுக்கும் தொடர்புடைய பதிவுகளைக் கொண்டு கணக்கிடும் வசதி. இதில், 'சம்' (SUM) என்பதுடன் 'ஓவர்' (OVER) சேர்த்து, குழு பிரிக்கும் 'பார்டிஷன் பை'யில் (PARTITION BY) கணக்கு எண்ணையும் வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை'யில் (ORDER BY) தேதியையும் தந்தால், வரிசைப்படுத்திய பதிவுகளை ஒரே ஓட்டத்தில் கூட்டிக்கொண்டே போகலாம். போஸ்ட்கிரஸ் 8.4, எஸ்கியூஎல் சர்வர் 2012, மைஎஸ்கியூஎல் 8.0 முதல் இது கிடைக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் முன்பு பலர் கையாண்ட, வினவலுக்குள்ளேயே மாறிக்கு மதிப்பளிக்கும் உத்தியை இனித் தொட வேண்டாம். அதில் கணக்கிடும் வரிசைக்கு உத்தரவாதமே இல்லை.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. எந்தப் பதிவு வரை கூட்ட வேண்டும் என்ற எல்லையைக் குறிப்பிடாவிட்டால், 'ஆர்டர் பை' மதிப்பைக் கொண்டு எல்லை வகுக்கும் 'ரேஞ்ச்' (RANGE) என்பதே இயல்பாக எடுத்துக்கொள்ளப்படும். அப்போது ஒரே தேதியுள்ள பதிவுகள் அனைத்தும் ஒரே தொகையைப் பெறும். முந்தைய கூட்டுத்தொகை 1,000 ஆக இருந்து, ஒரே நாளில் 200, 300 என இரு பதிவுகள் வந்தால், இரண்டிலும் 1,500 என்றே தெரியும். பதிவு பதிவாக எல்லை வகுக்கும் 'ரோஸ்' (ROWS) எல்லையை வெளிப்படையாக எழுதி, தேதிக்குப் பின் பதிவு எண்ணையும் 'ஆர்டர் பை'யில் சேர்த்தால் 1,200, 1,500 எனச் சரியாக வரும். துணை வினவலில் தேதியை மட்டும் ஒப்பிட்டாலும் இதே பிழை நேரும். அங்கே அதைத் திருத்த நிபந்தனை இன்னும் சிக்கலாகிவிடும்.

ஆகவே, என் தேர்வு பெரும்பாலும் விண்டோ ஃபங்ஷனே. ஒரே ஓர் இடத்தில் மட்டும் துணை வினவலுக்கு இயல்பான சாதகம் இருக்கிறது: பதிவுகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) நிபந்தனை விண்டோ ஃபங்ஷனுக்கு முன்பே செயல்படுவதால், கடந்த மாதப் பதிவுகளை மட்டும் கேட்டால் கூட்டலும் அந்த மாதத்திலிருந்தே தொடங்கிவிடும், துணை வினவலோ முழு டேபிளையும் தானே பார்த்துக்கொள்ளும். விண்டோ ஃபங்ஷனைப் பயன்படுத்துவோர், கூட்டலை உள்வினவலில் முடித்துவிட்டு, மாத நிபந்தனையை வெளிவினவலில் வைக்க வேண்டும்.